என் மகள் சாப்பிடும் சத்தம்

நம் சபையின் மாத இதழை வாசிக்கிற அண்ணன்மாருக்கும் அக்கா தங்கைமாருக்கும் ஆண்டவர் பெயரால் வணக்கம். நான் எஸ்தர். லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் வேலை. ஞாயிறு மதிய ஆராதனையில் கடைசி வரிசையில், கதவுப் பக்கமாக உட்காருகிறவள். போன வருஷம் உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்து ஒரு சாட்சி சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். அந்தச் சாட்சி பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனாலும் பொய்தான். அதனால் என் மகள் ரத்தம் சிந்தினாள். இதை எழுதாமல் இனி ஒரு நன்றியும் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

என் கஷ்டம் சத்தம். ஓங்கிய சத்தம் காதுக்குள் ஊசி மாதிரி இறங்கும். அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பேன். என்னை மிருகமாக்கியது சின்னச் சத்தம். ஒருவர் மெல்லுவது. காப்பியை உறிஞ்சுவது. மூக்கை இழுப்பது. மேல் வீட்டில் நாற்காலியை நகர்த்துவது. உங்களுக்கு இதெல்லாம் எரிச்சலாக இருக்கும். எனக்கு வந்தது கொலைவெறி. வார்த்தையைக் குறைத்து எழுத மாட்டேன். கழுத்து நரம்பு புடைக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். கை தானாக எதையாவது தேடும்.

சின்ன வயதிலேயே கொஞ்சம் இருந்தது. நாற்பதைத் தாண்டியதும் தலைவிரித்து ஆடியது. ஒருநாள் வேலை முடிந்து ஈசூனில் இருக்கிற என் வீட்டுக்கு ரயிலில் போகிறேன். பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர் உட்கார்ந்து நகம் வெட்டினார். டக். டக். டக். நான் அவர் கையை ஓங்கித் தட்டினேன். நகவெட்டி பறந்துபோய் எதிரே இருந்த பெண்ணின் மடியில் விழுந்தது. "அறுத்துப் போட்டுடுவேன்" என்று தமிழில் கத்தினேன். அவருக்கு வார்த்தை புரியவில்லை, என் முகம் புரிந்தது. அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து, என் கையை நானே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே இப்படி என்றால் வீட்டில் எப்படி இருந்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். என் கணவர் ஜெயராஜ் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பத்து மணி நேரம் உழைத்துவிட்டு வருகிற மனிதர், காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய், கல்மேசையில் தனியாக உட்கார்ந்து குடித்துவிட்டு மேலே வருவார். மகள் ஷெரினுக்கு அப்போது பதினோரு வயது. குரோப்போக் என்கிற மொறுமொறு இறால் அப்பளம் என்றால் உயிர். அதை ஒவ்வொன்றாக வாயில் போட்டு, கடிக்காமல், எச்சிலில் ஊறி மெத்தென்று ஆகும் வரை வைத்திருந்து விழுங்குவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடி வாங்கி வாங்கித் தானே கண்டுபிடித்த வழி. 'அடக்கமான பிள்ளை' என்று நீங்கள் புகழ்ந்தீர்களே, அந்த அடக்கம் இப்படி வந்ததுதான்.

கிளினிக்குக்குப் போனேன். டென்ஷன் என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள். காதில் அடைப்பான் போட்டுக்கொண்டேன். காலையில் எழுந்தால் போடுவேன், படுக்கும்போதும் கழற்ற மாட்டேன். கழற்றிய அந்த ஒரு நிமிஷம் உலகமே காதுக்குள் இடிந்து விழும்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெயராஜ் நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில், மறந்துபோய், வீட்டுக்குள்ளேயே கஞ்சியை உறிஞ்சிவிட்டார். ஒரே ஒரு தடவை, அதுவும் நான் அடைப்பானைக் கழற்றியிருந்த நிமிஷத்தில். என் கையில் கொதிக்கக் கொதிக்க ஒரு கோப்பை மைலோ இருந்தது. அப்படியே அவர் மேல் வீசினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து, தோல் உரிந்து தொங்கியது. அவர் என்னைத் திட்டவில்லை. குழாயடியில் கையை நீட்டியபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஷெரினிடம் பையை எடுத்து வைக்கச் சொன்னார். ஷெரின் ஏற்கெனவே பையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"உன்ன நான் விட்டுட்டுப் போகல எஸ்தர். ஆனா புள்ளைய இனிமே இங்க வெச்சிருக்க முடியாதுலா. நீ சரியாகு. அப்பறம் கூட்டிட்டு வரேன்."

கிளமெண்டியில் அவருடைய அக்கா செல்வி இருக்கிறார். அங்கே போய்விட்டார்கள். வீடு நான் ஆசைப்பட்ட மாதிரியே அமைதியானது. அந்த அமைதியைக் காறித் துப்பலாம் போல இருந்தது. என் பிள்ளை திரும்பி வர வேண்டும், என்னைப் பார்த்துப் பயப்படக் கூடாது. இதைத் தவிர எனக்கு வேறு ஜெபமே இல்லாமல் போனது.

பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம் பாஸ்டர் முழுநேர ஊழியர் இல்லை. வாரநாட்களில் துவாஸில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. இருபது வருஷமாக இரும்போடு இரும்பு மோதுகிற இடத்தில் நின்றவர். கேட்டதும் அவர் முகம் மாறியது.

"இது வெறும் கோபம் இல்ல சிஸ்டர். உள்ள ஒண்ணு உக்காந்திருக்கு. மூணு நாள் உபவாசம் போடுங்க. சனிக்கிழம விரட்டிடுவோம்."

சனிக்கிழமை பகல் இரண்டு மணி. நம் மாடி அறை. ஜன்னல்களைச் சாத்தினார்கள். என்னை நடுவில் முழங்காலில் நிற்க வைத்து, எட்டுப் பேர் சுற்றி நின்று, தலையிலும் தோளிலும் கை வைத்தார்கள். நம் ஜெபம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாரும் ஒரே நேரத்தில், வாய் விட்டு, தொண்டை கிழிய. பாஸ்டரம்மா தகட்டுச் சலங்கை வைத்த டாம்பரினைத் தட்டினார்கள். பாஸ்டர் குனிந்து என் இடது காதில் வாயை வைத்து, "வெளியே வா! வெளியே வா!" என்று கத்தினார். மூன்று நாள் பட்டினி. காதில் அடைப்பான் இல்லை. சத்தத்தால் துடிக்கிறவளைச் சத்தத்தாலேயே அடித்தார்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. சிலர் எனக்காக அழுதுகொண்டே கத்தினார்கள்.

எவ்வளவு நேரம் பொறுத்தேன் என்று தெரியாது. பிறகு பாஸ்டரம்மா கையிலிருந்த டாம்பரினைப் பிடுங்கி, பாஸ்டர் முகத்தில் என் பலமெல்லாம் சேர்த்து அடித்தேன். புருவம் பிளந்தது. என் சேலையெல்லாம் ரத்தம். "பாருங்க, வெளிப்பட்டுடுச்சு!" என்றது ஒரு குரல். ஜெபம் இரண்டு மடங்கு ஓங்கியது. நாலு பேர் என்னைத் தரையில் அமுக்கினார்கள். ஒரு சகோதரியின் கட்டைவிரலைக் கடித்தேன். முழங்காலால் உதைத்தேன். தலையைத் தரையில் மோதிக்கொண்டேன். கடைசியில் பச்சைத் தண்ணீராக வாந்தி எடுத்து, துவண்டு விழுந்தேன்.

எல்லாரும் நிறுத்தினார்கள். எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. காதில் ஒரே ரீங்காரம். "விடுதலை! போயிடுச்சு!" என்று கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் நம்பினேன். உடம்பு மரத்துப்போனதை நான் சமாதானம் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் வழக்கம் என்ன? விடுதலை கிடைத்தால் தள்ளிப்போடக் கூடாது, உடனே சபையில் எழுந்து அறிக்கை செய்ய வேண்டும். அறிக்கை செய்தால் அது நிலைக்கும். மறுநாளே மைக்கைக் கொடுத்தார்கள். நெற்றியில் பிளாஸ்திரியோடு பாஸ்டர் நின்றார். "நான் குணமாகிவிட்டேன்" என்றேன். சபையின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெயராஜ் கையெல்லாம் கட்டோடு தேம்பித் தேம்பி அழுதார். அன்று சாயங்காலமே ஷெரினை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

அடைப்பான் போடாமலே திங்கட்கிழமை தாக்குப்பிடித்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தேன். ஷெரின் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். குணமான அம்மா. அவளும் நம்பிவிட்டாள். பயமில்லாமல், சிரித்துக்கொண்டே, ஆப்பிளை ஒரு கடி கடித்தாள்.

கையில் எவர்சில்வர் கரண்டி இருந்தது. எப்போது வீசினேன் என்று எனக்குத் தெரியாது. வாயில் பட்டது. உதடு கிழிந்து, முன்பல் பாதி உடைந்து தரையில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை, இரண்டாவது தடவையும் கையை ஓங்கினேன். அப்போதுதான் பார்த்தேன், என் பிள்ளை அழவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அழுகைச் சத்தம் எனக்குக் கேட்டுவிடக் கூடாதாம். விரல் இடுக்கில் ரத்தம் வழிகிறது, ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை.

கரண்டியைக் கீழே போட்டேன். கிட்டே போகப் பயந்து, அவளுக்கும் எனக்கும் நடுவில் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜெயராஜுக்குப் போன் செய்தேன். அவர் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கிருந்து நேராகக் கிளமெண்டிக்கே போய்விட்டார்கள்.

புதன்கிழமை காலை நான் அடுப்படித் தரையிலேயே கிடந்தேன். ஸ்தோத்திரம் ஒன்றும் வாயில் வரவில்லை. ஆண்டவரோடு சண்டை போட்டேன். "ஊரெல்லாம் கூடி உம்மைக் கூப்பிட்டார்களே, எங்கே போனீர்? என் காதைப் பிடுங்கிப் போடும். இல்லையென்றால் இந்தக் கையை முறித்துப் போடும். அதுவும் முடியாதென்றால் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். கூர்மையான ஒன்றைக் கையில் எடுத்தேன். அதற்கு மேல் விவரம் எழுத மாட்டேன். "கடைசியாகக் கேட்கிறேன். என் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றும். அது போதும்" என்றேன். இதுதான் நான் செய்த ஜெபம். அழகாக ஒன்றும் இல்லை.

கதவு தட்டப்பட்டது. மெதுவாக, இரண்டு விரலால்.

பாஸ்டர் நின்றிருந்தார், கூடவே பாஸ்டரம்மா. புருவத்தில் ஆறு தையல், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. என் கையில் இருந்ததை பாஸ்டரம்மா பார்த்தார்கள். அதை வாங்கி, தன் கைப்பைக்குள் வைத்து மூடினார்கள். பாஸ்டர் தரையில், என் எதிரே, ஆனால் தள்ளி உட்கார்ந்தார். கிசுகிசுப்பது போலப் பேசினார். அவர் அப்படிப் பேசி அதுவரை நான் கேட்டதே இல்லை.

"சிஸ்டர், உங்க கிட்ட மன்னிப்பு கேக்க வந்தேன். எனக்குக் காது பாதிக்கு மேல போச்சு."

எனக்கு விளங்கவில்லை.

"தையல் போட்ட டாக்டர் மாஸ்க் போட்டுக்கிட்டு என்னமோ கேட்டாரு. மூணு தடவ கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. வாயப் பாத்துத்தானே நான் இத்தன நாளா ஆளுங்க பேசறதப் புரிஞ்சுக்கிறேன்? உடனே போய் காத டெஸ்ட் பண்ணுங்கன்னாரு. நேத்து போனேன். பட்டறையில வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணிச் சொல்றாங்க சிஸ்டர், நான்தான் அந்தப் பேப்பரெல்லாம் டிராயர்ல போட்டுப் பூட்டி வெச்சுட்டேன். குணமாக்கற ஜெபம் பண்றவனுக்கே காது கேக்கலன்னா ஜனங்க என்ன சொல்லும்?"

தன் காதைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். "நான் கத்தறேன்னு எனக்கே தெரியலலா. சாதாரணமா ஜெபிக்கறதா நெனச்சேன். நீங்க அடிச்சதுல பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அந்த மாதிரி காதுக்குள்ள கத்தினா யாரா இருந்தாலும் அடிப்பாங்க."

பாஸ்டரம்மா தொடர்ந்தார்கள். "டெஸ்ட் பண்ண அந்தப் பொண்ணுகிட்ட இவர் உங்களப் பத்தி சொன்னாருமா. பேர் சொல்லல. சின்னச் சத்தத்துக்கு வெறி வருது, பெரிய சத்தம் குத்துதுன்னாரு. அதக் கேட்டு அவ ஆச்சரியமே படல. இப்படி நெறைய பேர் வராங்க, அடிச்சுத் தொரத்தாதீங்க, கூட்டிட்டு வாங்கன்னா."

நான் தரையில் முகம் வைத்து அழுதேன். நாற்பது வருஷம் நான் பொல்லாதவள் என்று நினைத்திருந்தேன், சனிக்கிழமையிலிருந்து பேய் பிடித்தவள் என்றும். ஒருத்தி ஆச்சரியப்படவில்லை என்பதே எனக்கு அன்று சுவிசேஷமாக இருந்தது. அன்று பாஸ்டர் சத்தமாக ஜெபிக்கவில்லை. மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். என் கதவை ஆண்டவர் தட்டினார் என்று நான் சொல்வது இதைத்தான். நான் பிளந்த முகத்தையே எனக்கு உதவியாக அனுப்பினார்.

இங்கே நிறுத்தினால் மறுபடியும் பொய் சாட்சி ஆகிவிடும். அதனால் மீதியையும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஷெரின் "கீழ விழுந்துட்டேன்" என்று சொன்னாளாம், என்னைக் காப்பாற்ற. பல் டாக்டர் நம்பவில்லை. அடுத்த வாரம் பிள்ளைகள் பாதுகாப்புத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். ஜெயராஜ் மழுப்பப் பார்த்தார். "நான்தான் அடித்தேன். கரண்டியால். இரண்டாவது முறையும் கை ஓங்கினேன்" என்றேன். அந்த அம்மா எழுதிக்கொண்டார். பிள்ளை அத்தை வீட்டிலேயே இருக்க வேண்டும், நான் வாரம் ஒருமுறை, பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது மட்டும் பார்க்கலாம் என்று முடிவானது. நெஞ்சு வெடித்தது. ஆனால் நான் என்ன ஜெபம் செய்தேன்? என் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றும் என்றுதானே? கேட்டதைத்தான் கொடுத்தார். அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

காது பார்க்கிற அந்தப் பெண் முதல் வேலையாக என் அடைப்பானைக் கழற்றச் சொன்னாள். எப்போதும் அடைத்தே வைத்ததால்தான் காது இன்னும் மிரண்டுபோயிருக்கிறதாம். சின்னக் கருவி ஒன்று கொடுத்தாள். மழை தூறுவது மாதிரி மெல்லிய இரைச்சல் அதில் ஓடும். ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் கூட்டிக் கூட்டிப் பழக வேண்டும். கோபத்துக்கு இன்னொருவரிடம் போனேன். அவர் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம்: "எனக்கு இப்ப வெறி வருது, நான் எழுந்து போறேன்." இதைக் கூச்சப்படாமல் வாய் விட்டுச் சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். கேட்க எளிது. முதல் மாதம் சொல்ல வாய் வருவதற்குள் புடவைக் கடையில் இரண்டு கண்ணாடி டம்ளரைச் சுவரில் அடித்து உடைத்தேன். முதலாளியம்மா என்னை வேலையை விட்டு நிறுத்தாமல் இருந்ததும் ஆண்டவர் கிருபைதான்.

சபையிலும் மாறியது. பாஸ்டர் காதுக்கருவி போட்டுக்கொண்டு மேடையில் நின்று எல்லாரிடமும் காட்டினார். நம் ஜெபம் எவ்வளவு சத்தம் என்று கருவி போட்ட முதல் ஞாயிறுதான் அவருக்கே தெரிந்ததாம். பயந்துபோய்க் கழற்றிவிட்டாராம். இப்போது கடைசிப் பத்து நிமிஷம் எல்லாரும் வாய் மூடி ஜெபிக்கிறோம். சிலருக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்கிறீர்கள், நன்றி. நான் கட்டைவிரலைக் கடித்த சகோதரியிடம் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்குச் சோறு போட்டார், ஆனால் தான் மட்டும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஷெரினை ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளமெண்டியில் பார்த்தேன். முதலில் அவள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் என்னை உள்ளே விடுவார் செல்வி அண்ணி. பிறகு நான் ஹாலில், அவள் உள்ளறையில். பிறகு ஒரே ஹாலில், ஆளுக்கு ஒரு மூலையில். அவள் கண் எப்போதும் என் கையிலேயே இருக்கும். எட்டு மாதம் இப்படி. ஒட்டவைத்த பல்லோடு அவள் வாயைத் திறந்து சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அண்ணி சாம்பாரும் அப்பளமும் வைத்திருந்தார். "அம்மா, நீங்களும் இங்க உக்காருங்க" என்று ஷெரின் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். ஜெயராஜ் எழுந்து நின்றுவிட்டார். நான் உட்கார்ந்தேன். அவள் அப்பளத்தை எடுத்து, வாயில் ஊறவைக்காமல், நறுக்கென்று கடித்தாள்.

வந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன். அதே வெறி, அதே நரம்பு, பக்கத்திலேயே தண்ணீர்ச் செம்பு. கையை மேசையில் அழுத்திக்கொண்டு, "ஷெரின், எனக்கு இப்ப வெறி வருது, நான் எழுந்து போறேன்" என்றேன். படிக்கட்டுப் பக்கம் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன். வெறி இறங்கியபின் திரும்பி வந்தேன்.

அதனால் சொல்கிறேன், பிள்ளைமேல் கை ஓங்கிவிட்டு உள்ளே போய் அழுகிற அம்மாக்களே, அப்பாக்களே, நம் சபையில் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திட்ட வேண்டுமானால் திட்டுங்கள், அவர் தாங்குவார். பதில் டாக்டர் உருவத்தில் வந்தாலும், அதிகாரி உருவத்தில் வந்தாலும், நீங்கள் அடித்தவர் உருவத்திலேயே வந்தாலும், கதவைத் திறந்துவிடுங்கள். தனியாகப் பயமாக இருந்தால் கடைசி வரிசைக்கு வாருங்கள், என் பக்கத்தில் இடம் இருக்கிறது.

நான் இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. என் மகள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்துவிட்டார். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அன்று நான் படிக்கட்டிலிருந்து திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தபோது, ஷெரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சாப்பிடுவதை அவள் நிறுத்தவில்லை.